யாரும் வாசிக்காத மெட்டு

நிறத்தை மூளையின் ஒரு பகுதியும் அசைவை இன்னொரு பகுதியும் கவனிக்கின்றன என்றால், ஓடுகிற சிவப்புப் பேருந்து எப்படி ஒரே பொருளாகத் தெரிகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முழு விடை இன்னும் யாரிடமும் இல்லை. கவனம்தான் சேர்த்து வைக்கிறது என்று உளவியலாளர்கள் ஆன் ட்ரீஸ்மனும் கேரி கெலாடும் 1980இல் சொன்னார்கள். அப்படியானால் கவனம் பிசகும்போது சேர்க்கையும் பிசக வேண்டுமே? ட்ரீஸ்மன் அதையும் சோதித்தார். சோதனைக்கு வந்தவர்களுக்கு வண்ண எழுத்துகளைக் கணநேரம் காட்டி, ஓரத்தில் இருந்த எண்களை முதலில் சொல்லச் சொன்னார். பிறகு எழுத்துகளைக் கேட்டால், ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் ஏற்றிச் சொன்னார்கள். கோயில் வாசல் நெரிசலில் ஒரு காலில் நம் செருப்பும் மறு காலில் அடுத்தவர் செருப்புமாகக் கிளம்புவதைப் போல.

காதில் நடப்பது எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம். 1970களில் உளவியலாளர் டயானா டாய்ச் மேலை இசையின் மேஜர் வரிசையை (நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான்) ஏற்றமும் இறக்கமுமாக ஒரே நேரத்தில் ஹெட்போனில் ஒலிக்கவிட்டார். ஒவ்வொரு வரிசையின் ஸ்வரங்களும் வலம், இடம் என்று காது மாறிக்கொண்டே இருந்தன. ஆக, எந்தக் காதுக்கும் போனது தாவித் தாவி விழும் ஸ்வரங்கள்தான். ஆனால் பெரும்பாலோர் கேட்டது ஒரு காதில் மேல் ஸ்வரங்களின் சீரான மெட்டு, மறு காதில் கீழ் ஸ்வரங்களின் மெட்டு. வலக்கைக்காரர்களில் பலருக்கு ஹெட்போனை இடம் மாற்றி மாட்டினாலும் மேல் ஸ்வரம் வலக் காதிலேயே நின்றது! அடுத்தடுத்த சுருதிகள் ஒரே இடத்திலிருந்துதான் வரும் என்று ஊகிக்கிற மூளை, திசையைத் தானே எழுதிக்கொள்கிறது.

1893இல் அரங்கேறிய தன் ஆறாவது சிம்பனியின் கடைசிப் பகுதியை ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி இப்படித்தான் தொடங்குகிறார். மெட்டின் ஒரு ஸ்வரம் முதல் வயலின் குழுவுக்கு, அடுத்தது இரண்டாம் குழுவுக்கு. தனித்தனியே வாசித்தால் இரண்டிலும் அந்த மெட்டு இல்லை. சேர்ந்து வாசித்தால் நெஞ்சைப் பிழிந்துகொண்டு இறங்கி வருகிறது. மேடையில் ஒருவர்கூட அதை முழுதாக வாசிக்கவில்லை.

சுருதி இப்படி முந்திக்கொண்டாலும், கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்தெடுக்கத் திசையும் கைகொடுக்கிறது. அதற்கு இரண்டு காதும் வேண்டும். ஒரு பக்கத்து ஒலி மறு காதை எட்டும் தாமதம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூளை அதையும் கணக்கில் எடுக்கிறது. நாமோ இரு காதும் மந்தமான பெரியவருக்கு ஒரு காதுக்கு மட்டும் கருவி வாங்கித் தருகிறோம். கல்யாண மண்டபத்தில் அவர் விழித்தால், "மிஷின் போட்டுமா கேக்கல?" என்று சலித்துக்கொள்கிறோம். இரண்டு காதுக்கும் வேண்டுமா என்று ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். பெரியவரிடம் பேசும்போது முகத்துக்கு நேராக, வெளிச்சத்தில் நின்று பேசுங்கள். உதட்டசைவையும் குரலோடு சேர்த்துத்தான் மூளை கேட்கிறது.