பிளாஸ்டர் அறைக்குள் ஓர் எட்டு

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே பழகிப்போன நமக்கு, அந்தத் திரைக்குள்ளே என்னதான் நடக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட ஆசை இருக்கும்தானே? வாங்க, உள்ளே போவோம்!

உண்மையில் அந்த அறையின் வேலை நானுஓயா தேயிலை மலையிலேயே தொடங்கிவிடுகிறது. மழை ஈரம் காயாத படி. கொழுந்துக் கூடையோடு இறங்குகிற அக்கா வழுக்கிக் கையை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டு, கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டி போல வளைந்து நிற்கிறது. டப்ளின் வைத்தியர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் எழுதி வைத்த முறிவு இது. எக்ஸ்ரே வந்ததே 1895இல்! அதற்கு 81 வருஷம் முன்னால், தொட்டும் பார்த்தும் மட்டுமே கண்டுபிடித்திருக்கிறார். இன்றும் அந்த முறிவுக்கு அவர் பெயர்தான்.

முதல் வைத்தியம் எது தெரியுமா? வளையலையும் மோதிரத்தையும் கழற்றுவது! கை வீங்கிவிட்டால் அவையே சுருக்குக் கயிறாகிவிடும். எண்ணெய் போத்தலோடு ஓடி வரும் பாட்டியை அன்பாகத் தடுத்து நிறுத்துங்கள். முறிந்த இடத்தைத் தடவக் கூடாது, இழுக்கவும் கூடாது. தடியாக மடித்த பத்திரிகையை உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வைத்துக் கட்டி, ஒரு துண்டால் கழுத்தில் தொங்கவிட்டால் போதும். பிறகு 1990க்கு ஓர் அழைப்பு. இந்தியாவின் நன்கொடையோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஓடத் தொடங்கிய சுவசெரிய அம்பியூலன்ஸ் இப்போது மலைநாட்டுக்கும் வருகிறது, காசு வாங்காமல்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் இறக்கியதும் எலும்பைப் பார்ப்பார்கள் என்று நினைத்தீர்களா? நகத்தைப் பார்க்கிறார்கள்! அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். எலும்பு கொஞ்ச நேரம் பொறுத்திருக்கும். ரத்தம் கிடைக்காத தசையோ சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கிவிடும். அடுத்தது எக்ஸ்ரே, இரண்டு கோணத்தில். நேரே எடுத்த படத்தில் ஒழுங்காகத் தெரிகிற எலும்பு, பக்கவாட்டுப் படத்தில் குட்டு உடைந்து நிற்கும்.

மரக்க ஊசி போட்டு எலும்பை இழுத்து நேராக்கியதும், நான் உங்களைக் கூட்டி வந்ததே இதற்காகத்தான் என்கிற கட்டம்! முதலில் பஞ்சுச் சுருள். அதன் மேல் மாவுத் துணியை ஒரு பக்கத்துக்கு மட்டும், பாதி ஓடு மாதிரி வைக்கிறார்கள். வீக்கம் ஏற இடம் வேண்டுமே! அப்படியும் கட்டு இறுகலாம்; அதனால்தான் வீட்டுக்குப் போன பின் வலி கூடினாலோ விரல் மரத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ராத்திரியே திரும்பி வரச் சொல்கிறார்கள்.

வைக்கும் முன் அந்த மாவுத் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குகிறார்கள். குமிழ் அடங்கியதும் எடுத்துப் பிழிந்து, உள்ளங்கையால் நீவுகிறார்கள். ஹாலந்து ராணுவ வைத்தியர் மத்தைசன் 1852இல் எழுதி வெளியிட்ட முறை இது. அந்த மாவு, சுட்ட ஜிப்சக் கல்தான்; சுட்டபோது இழந்த தண்ணீர் இப்போது அதற்குத் திரும்பக் கிடைக்கிறது. கல் மறுபடி கல்லாகிறது, ஆகும்போதே சூட்டை விடுகிறது. ஆமாம், மாவு தானாகச் சுடுகிறது!

வெளியே பனி. அக்காவின் நல்ல கை, அந்தக் கதகதப்பைத் தேடி மெல்ல நகர்கிறது.

“தொடாதீங்க அக்கா, குழி விழும்! காயட்டும். விரலை மட்டும் ஆட்டுங்க, பாப்போம்.”

ஐந்தும் ஆடுகின்றன.