பக்கத்து வீடு சொன்ன வழி

2008 பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானில் நள்ளிரவுக்கு இன்னும் 13 நிமிடங்கள் இருந்தன. யூடியூபை நாட்டுக்குள் முடக்கச் சொல்லி அரசு போட்ட உத்தரவை நிறைவேற்ற, பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் தன் ரூட்டர்களில் ஒரு சிறு மாற்றம் செய்தது. யூடியூபின் முகவரிகள் தன்னிடமே இருப்பதாக அது அறிவித்தது. யூடியூபைத் தேடி வரும் கோரிக்கைகளை வாங்கி அப்படியே தொலைத்துவிடுவதுதான் ஏற்பாடு. அந்த அறிவிப்பு உள்ளுக்குள் நின்றிருந்தால் விஷயம் பாகிஸ்தானோடு முடிந்திருக்கும். அது கசிந்து, ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனத்துக்குப் போனது. அங்கே சரிபார்ப்பார் இல்லை. கேட்டதை அந்நிறுவனம் உலகத்துக்குச் சொன்னது. சில நிமிடங்களில் பூமியின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லாமல் போயிற்று.

இணையம் என்பது ஒரே வலை அல்ல. தனித்தனி நிர்வாகத்தில் இயங்கும் 70,000-க்கும் மேற்பட்ட வலையமைப்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அவை பிஜிபி என்ற நெறிமுறை வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்து வலையமைப்பிடம் “இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்” என்று சொல்லும். கேட்டது அதை நம்பி அடுத்ததற்குச் சொல்லும். அவ்வளவுதான். இணையத்தில் நாம் செலுத்தும் மின்கட்டணம்கூட இந்த நம்பிக்கையின் மேல்தான் பயணம் செய்கிறது.

அன்றிரவு யூடியூப் தோற்றதற்குக் காரணம் ஒரு விதி. அது 1,024 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை அறிவித்திருந்தது. பாகிஸ்தான் அறிவித்ததோ அதற்குள் அடங்கிய 256 முகவரிகளை. இரண்டு அறிவிப்புகள் மோதினால் ரூட்டர் சிறிய தொகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒருவர் ஊர்ப்பெயர் மட்டும் சொல்கிறார், இன்னொருவர் தெருப்பெயரும் சேர்த்துச் சொல்கிறார் என்றால் தபால்காரர் யார் பேச்சைக் கேட்பார்? அதே கதைதான். 80 நிமிடம் கழித்து யூடியூபும் அதே 256 முகவரிகளை அறிவித்தது. இப்போது இரண்டும் சமம். எது கிட்டத்தில் இருக்கிறதோ அதை நம்பி உலகம் இரண்டாகப் பிரிந்தது. இன்னும் 11 நிமிடம் கழித்து, அந்த 256-ஐ 128, 128 எனப் பிளந்து அறிவித்தார்கள். சொந்த வீட்டு முகவரிக்குச் சொந்தக்காரரே ஏலம் கேட்க வேண்டிய நிலை. கடைசியில், தொடங்கி 2 மணி 14 நிமிடத்தில், பிசிசிடபிள்யூ அந்தத் தவறான அறிவிப்பை விலக்கிய பிறகே எல்லாம் ஓய்ந்தது.

பிஜிபி பிறந்தது 1989 ஜனவரியில், டெக்சாஸின் ஆஸ்டின் நகரில். கிர்க் லாகீட், யாகோவ் ரெக்டர் என்ற இரு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில், கைதுடைக்கும் காகிதத்தில் அதை வரைந்தார்கள். அன்றைய இணையம் ஒருவரையொருவர் அறிந்தவர்களின் சிற்றூர். பொய் சொல்ல யாராவது வருவார்கள் என்று எண்ணிப் பார்க்கக் காரணம் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொய்யே சொல்லாவிட்டாலும் இந்த ஏற்பாடு நிலையாக நிற்குமா என்ற கேள்வி பத்தாண்டுகளில் எழுந்தது. ஒரு வழி அறுந்தால் இணையம் நொடியில் மாற்றுவழி கண்டுபிடித்துவிடும் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். கிரெய்க் லபோவிட்ஸும் சகாக்களும் இரண்டாண்டுகள் அளந்து பார்த்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு, அதற்குச் சராசரியாக மூன்று நிமிடம் ஆகிறது என்றது. சில நேரம் 15 நிமிடம்வரை தடுமாற்றம் நீடித்தது. டிமதி கிரிஃபின், கோர்டன் வில்ஃபாங் இருவரும் இன்னும் சங்கடமான ஒன்றைக் காட்டினார்கள். மூன்று வலையமைப்புகள் வட்டமாக நிற்கின்றன என்று வையுங்கள். நடுவில் இருக்கும் ஒரே இலக்குக்கு ஒவ்வொன்றுக்கும் நேர்வழி உண்டு. ஆனாலும் வலப்பக்கத்து வலையமைப்பு வழியாகப் போகவே ஒவ்வொன்றும் விரும்புகிறது. ஒன்று வழி மாற்றினால் அடுத்ததும் மாற்ற வேண்டும், அதனால் மூன்றாவதும், பிறகு மறுபடி முதலாவதும். இந்தச் சுற்று ஓயவே ஓயாது.

ஆனால் நிஜ இணையம் பெரும்பாலும் ஓய்ந்து நிற்கிறதே, எப்படி? இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த விடை லிக்சின் காவ், ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்ட் 2001-இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. வலையமைப்புகளுக்கு இடையே கொடுக்கல் வாங்கல் உண்டு. சிலர் காசு கொடுக்கும் வாடிக்கையாளர், சிலர் காசு வாங்கும் வழங்குநர், சிலர் கணக்குப் பார்க்காத சமமானவர். காசு தரும் வாடிக்கையாளர் வழியையே முதலில் தேர்ந்தெடு. காசு வராத போக்குவரத்தை ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் சுமந்து கொடுக்காதே. இந்த வியாபாரப் புத்தியை எல்லோரும் கடைப்பிடித்தால், மேலிருந்து யாரும் கட்டளையிடாமலே வழிகள் நிலைபெறும் என்று அவர்கள் நிறுவினார்கள்.

இது நிலைத்தன்மைக்கு; பொய் அறிவிப்புகளுக்கு எதிராக வந்த முதல் பரவலான மருந்து ஆர்பிகேஐ. இதை முகவரிகளுக்கான பட்டா எனலாம். இன்ன முகவரித் தொகுதியை அறிவிக்கும் உரிமை இன்ன வலையமைப்புக்கு என்று கையொப்பமிட்டுப் பதிவு செய்வது. இந்தியாவும் இலங்கையும் அடங்கும் ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஏப்னிக் என்ற அமைப்பு அந்தப் பதிவாளர். 2008-இல் இது நடைமுறையில் இருந்திருந்தால், பட்டாவைப் பார்க்கும் ரூட்டர்கள் பாகிஸ்தானின் அறிவிப்பை வாசலிலேயே திருப்பியிருக்கும்.

பட்டா அலுவலகத்தின் பூட்டும் உறுதியாக இருக்க வேண்டும். 2024 ஜனவரி 3 அன்று ஸ்பெயினின் ஆரஞ்சு நிறுவனத்துக்கு ஐரோப்பியப் பதிவாளரிடம் இருந்த கணக்குக்குள் ஒருவர் புகுந்து பதிவுகளை மாற்றினார். கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருக்கவில்லை. ஆரஞ்சின் உண்மையான அறிவிப்புகளே செல்லாதவை ஆகி, சேவை சில மணி நேரம் முடங்கியது. காக்க வந்த கருவியே கதவை அடைத்தது.

தவிர, நிலம் யாருடையது என்று பட்டா சொல்லும். அங்கே போகும் பாதை மெய்யா என்று சொல்லாது. அறிவிப்போடு வரும் பாதையின் முடிவில் உரிமையாளர் வலையமைப்பின் எண்ணை எழுதிவிட்டு, “நான் அவருக்குப் பக்கத்து வீடு” என்று ஒருவர் பொய் சொல்லலாம். ஒவ்வொரு வலையமைப்பும் பாதையில் தன் கையொப்பத்தைச் சேர்க்கும் பிஜிபிசெக் 2017-இல் தரமானது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ராபர்ட் லிச்செவ், ஷரோன் கோல்ட்பர்க், மைக்கேல் ஷபீரா மூவரும் எச்சரித்திருந்தார்கள்: பாதிப்பேர் மட்டும் இத்தகைய முறைக்கு மாறினால் பலன் குறைவு, பழையதும் புதியதும் கலந்து வழிகளின் நிலைத்தன்மையே குலையலாம். பிஜிபிசெக் இன்றுவரை பரவவில்லை.

இப்போது இணையப் பொறியியல் பணிக்குழுவில் உருவாகிவரும் ஆஸ்பா என்ற ஏற்பாடு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு வலையமைப்பும் ஒரு சிறு பட்டியலில் கையொப்பமிட வேண்டும்: “எனக்கு வழங்குநர்கள் இவர்கள் மட்டும்.” அதற்குப் பொருந்தாத பாதை வந்தால் கேட்பவர் மறுக்கலாம். காவும் ரெக்ஸ்ஃபோர்டும் இணையத்தை நிலைநிறுத்துவதாகக் காட்டிய அதே காசு உறவுதான். இதுவரை ஒப்பந்தக் கோப்புகளுக்குள் இருந்ததை இனி எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்கச் சொல்கிறார்கள்.