சைட்டேஷன் எத்தனைன்னு கேட்பதற்கு முன்... ஒரு கிட்னி டாக்டரின் கணக்கு!

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கிரியேட்டினினுக்குக் கீழே 'இ-ஜி.எஃப்.ஆர்' என்று ஒரு எண் இருக்கும். உங்கள் சிறுநீரகம் எவ்வளவு வேகமாக ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு அது. அதைக் கணக்கிடும் சூத்திரங்களை 1999-லும் 2009-லும் தந்தது அமெரிக்காவின் ஆண்ட்ரூ லெவி குழு. அந்த இரண்டு கட்டுரைகளையும் உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒரு ஆய்வை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் இப்படிக் குறிப்பிடுவதுதான் 'சைட்டேஷன்'.

ஹெச்-இண்டெக்ஸ்னா என்ன?

2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. ஒருவர் எழுதியதில் 40 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 40. வேலை, பதவி, ஆராய்ச்சி நிதி என்று பல இடங்களில் இந்த எண்ணைப் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த எண் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறாது. சூத்திரம் கண்டுபிடித்தால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆய்வும் உங்கள் பெயரைப் போட்டாக வேண்டும். கிராமத்தில் நோயைத் தடுத்தால்? அதே வேலையைச் செய்கிற சிலர் மட்டும்தான் போடுவார்கள்.

சென்னைக்கு வந்த டாக்டர்

டாக்டர் எம்.கே.மணியை எடுத்துக்கொள்ளுங்கள். எமர்ஜென்சி காலத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் சிறுநீரகம் செயலிழந்தபோது மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தவர். பிறகு சென்னை அப்போலோவுக்கு வந்தார். 1991-ல் பத்மபூஷண் பெற்றார்.

டயாலிசிஸும் மாற்று அறுவை சிகிச்சையும் பெரும்பாலான இந்தியர்களுக்கு எட்டாத செலவு என்பது அவருக்குத் தெரியும். அதனால் நோய் முற்றுவதற்கு முன்பே பிடிக்கலாம் என்று 'கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்' மூலம் சென்னைக்கு அருகே கிராமங்களில் இறங்கினார். சுமார் 25,000 பேர். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். பி.பி பார்த்தார்கள். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று எளிய ரசாயனத்தை வைத்தே சோதித்தார்கள். பிரச்னை இருந்தவர்களுக்கு, சந்தையில் மிக மலிவாகக் கிடைத்த பழைய மாத்திரைகளைக் கொடுத்தார்கள்.

ரத்த அழுத்தம் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது கட்டுக்குள் வந்தது. சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நல்ல கட்டுப்பாடு கிடைத்தது. செலவு? ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு அரை டாலர்கூட இல்லை. 2003, 2005, 2006-ம் ஆண்டுகளில் 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழ் வழியாக இந்த அனுபவம் உலகுக்குப் போய்ச் சேர்ந்தது.

லெவியின் எண்ணோடு ஒப்பிட்டால் இந்தக் கட்டுரைகளின் சைட்டேஷன் சின்னதுதான். ஆனால் டயாலிசிஸ் மெஷின் வரைக்கும் போகாமல் தப்பித்தவர்கள் யாரும் கட்டுரை எழுதுவதில்லையே! அவர்களை எந்த இண்டெக்ஸும் எண்ணாது. லெவியின் வேலை சின்னது என்று அர்த்தமில்லை. நோயை அளக்க அந்தச் சூத்திரம் வேண்டும். ஆக, ஒருவரின் ஆராய்ச்சியை எடைபோடும்போது 'எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்' என்பதோடு, 'யார், எதுக்குப் பயன்படுத்தினார்கள்' என்றும் கேளுங்கள். ஆராய்ச்சிப் படிப்புக்கு கைடு தேடும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

மலையில் இருக்கிறவங்களுக்கு இதில் என்ன?

டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். ஏற்காடு ஒண்டிக்கடையில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் போய்த் திரும்ப வேண்டும் என்றால் அந்த நாளே போச்சு. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது சம்பளமும் போச்சு என்று அர்த்தம். அதனால்தான், மணி செய்தது போல சோதனை வீட்டு வாசலுக்கு வருவது முக்கியம். 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் பி.பி, சர்க்கரைக்கான கவனிப்பு வீடு தேடி வருகிறது.

நீங்க செய்ய வேண்டியது

சிறுநீரகம் பெரிய அளவில் பழுதாகும் வரை பெரும்பாலும் வலிக்காது. அதனால் வீட்டில் சர்க்கரை, பி.பி இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இ-ஜி.எஃப்.ஆர் 60-க்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் இருந்தாலோ, சிறுநீரில் புரதம் தொடர்ந்து வந்தாலோ டாக்டரைப் பாருங்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தினமும் போடவும் வேண்டாம்.

அடுத்த முறை அம்மாவின் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தால், அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.