முயலுக்கு ஓர் இடைக்கால இல்லம்

‘தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்’ என்பது தமிழர் நன்கு அறிந்த பழமொழி. அப்பழமொழியில் வரும் முயலும், நிலவின் மறுவை ‘முயற்கறை’ என்று சொல்லும்போது நினைவுக்கு வரும் முயலும் காட்டில் வாழ்பவை. இன்று திருப்பதியிலும் சித்தூரிலும் சில வீடுகளில் கூண்டில் வளரும் வெள்ளை முயல் அவ்வினத்தைச் சேர்ந்தது அன்று. ஆயினும் தமிழில் இரண்டும் ‘முயல்’தான், அண்டை வீட்டார் பேசும் தெலுங்கிலும் இரண்டும் ‘குந்தேலு’தான். பெயர் ஒன்றாக இருப்பதால் விளையும் குழப்பம் சில வேளைகளில் ஓர் உயிரையே பறித்துவிடுகிறது.

நம் நாட்டுக் காட்டு முயலின் பிடரி கருநிறமாக இருக்கும். அது வளை தோண்டுவதில்லை. புல் மறைவில் பதுங்கிக் கிடக்கும். அதன் குட்டிகள் உடலில் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன. வீட்டு முயலோ, ஐரோப்பாவின் தென்மேற்குப் பகுதியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த வேறோர் இனத்தின் வழிவந்தது. அதன் குட்டிகள் மயிரின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கின்றன. பல நூற்றாண்டுகளாக மனிதர் கையில் உண்டு பழகிய அவ்விலங்கிற்குக் காடு தாய்வீடு ஆகாது.

இதை அறியாதவர், வளர்க்க இயலாத முயலை மலையடிவாரத்தில் விட்டுவிட்டால் அது விடுதலை பெற்று வாழும் என்று எண்ணுகின்றனர். பச்சைப் புதரிடையே வெள்ளை முயல் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணில் படும். நாய்க்கும் கீரிக்கும் அது எளிய இரை. அவற்றிடமிருந்து தப்பினாலும் வெயில் விடாது. முயல் வியர்வையால் உடலைக் குளிரச் செய்ய இயலாதது. நீண்ட காதுகளின் இரத்தக் குழாய்கள் வழியாகவே பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டினாலே அது துன்புறும். திருப்பதியின் மே மாத வெயிலோ 40 பாகையைக் கடப்பதுண்டு. (1859-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் வேட்டைக்காக விடப்பட்ட சில முயல்கள் பெருகி அந்நாட்டின் பயிர்களையே அழித்தன என்பதும் உண்மையே. எங்கு விட்டாலும் யாருக்கேனும் கேடுதான்.)

முயல்கள் ஏன் கைவிடப்படுகின்றன? கடையில் வாங்கும்போது அது உள்ளங்கையில் அடங்கும் பஞ்சுப் பொதி போல இருக்கிறது. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், எதையேனும் கொறித்துத் தேய்த்தாக வேண்டும். மின்கம்பியும் நாற்காலிக் காலும் அதற்கு ஒன்றே. இரண்டும் பெண் என்று சொல்லி விற்கப்பட்ட இணையில் ஒன்று ஆணாக இருந்துவிட்டால், ஏறத்தாழ 31 நாள்களில் குட்டிகள் பிறந்துவிடும். ஈன்ற தாய் அன்றே மீண்டும் கருவுறவும் கூடும். நன்கு பேணப்பட்ட முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். மூன்றாம் வகுப்பில் வாங்கிய முயல், பள்ளிப் படிப்பு முடியும்போதும் உயிருடன் இருக்கக்கூடும். அதற்குள் தந்தைக்கோ தாய்க்கோ எத்தனை பணிமாற்றங்கள் வந்திருக்கும்! புதிய ஊரில் கிடைக்கும் வீட்டில் விலங்குகளுக்கு இடமில்லை என்று வீட்டுக்காரர் கூறிவிட்டால், கூண்டைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பமே திகைத்து நிற்கும்.

இத்தகைய நிலைக்காகத் தோன்றியதே இடைக்கால வளர்ப்பு இல்லம் என்னும் ஏற்பாடு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1988-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஹவுஸ் ராபிட் சொசைட்டி’ என்னும் அமைப்பு இதனைப் பரவலாக்கியது. விலங்குக் காப்பகங்களில் எடுத்துக்கொள்வார் இன்றிக் கொல்லப்படவிருந்த முயல்களை அதன் தொண்டர்கள் தம் வீடுகளுக்குக் கொண்டுசென்றனர். காப்பகத்தில் நாய்களின் குரைப்பொலி ஓயாது. இரையாகவே பிறந்த விலங்கிற்கு அவ்வொலியே நோயாகும். ஒரு வீட்டின் அமைதியான மூலை அதனினும் நூறு மடங்கு நன்று.

தொண்டரின் வேலை கூண்டில் உணவு இடுவதோடு முடிவதில்லை. புதிதாக வந்த முயலை முதலில் பிற முயல்களிடமிருந்து பிரித்து வைத்துக் கவனிக்க வேண்டும். அதன் முதன்மை உணவு உலர்புல்; கேரட் அன்று. நெல் வைக்கோலில் சத்துக் குறைவாதலால் அது உலர்புல்லுக்கு ஈடாகாது. முயல் தன் நோயை மறைக்கும் இயல்புடையது. ஆதலால் அது தின்றதையும் இட்ட புழுக்கையையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். அரை நாள் எதையும் தின்னாத முயலை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மறுநாள் வரை பொறுத்தல் ஆபத்து. காதைப் பிடித்துத் தூக்குதல் பெருந்தவறு. அச்சத்தில் பின்காலை உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியும். மருத்துவர் கருத்தடை அறுவை செய்தபின், அது எவரிடம் பழகும், எதற்கு அஞ்சும் என்று தொண்டர் குறித்து வைப்பார். நிலையான வீடு தேடும்போது அக்குறிப்பே வழிகாட்டும். எடுத்துக்கொள்வோரிடம் வீட்டில் நாய் உண்டா, வெளியூர் சென்றால் யார் பார்ப்பார் என்றெல்லாம் கேட்கப்படும். வளர்க்க இயலாவிடில் தெருவில் விடாமல் திருப்பித் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தம்.

இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. மதுரையில் பிறந்த நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதா அதற்கு வித்திட்டது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். முதல் குற்றத்திற்குத் தண்டம் 10 முதல் 50 ரூபாய் வரை என்றே அதில் எழுதப்பட்டுள்ளது. 1960-இல் அது பெருந்தொகையாக இருந்திருக்கலாம். இன்று அதற்கு அஞ்சுவார் யார்? எனவே சட்டத்தைவிடத் தொண்டர்களையே முயல்கள் நம்பியிருக்க வேண்டியுள்ளது. சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு கைவிடப்பட்ட விலங்குகளை ஏற்றுப் பேணி வருகிறது. திருப்பதியிலோ 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. பணிமாற்ற ஆணை வந்த குடும்பம் முதலில் செய்யத்தக்கது, கால்நடை மருத்துவரைக் கண்டு, முயலை ஏற்கக்கூடிய வீடு உண்டா என வினவுதல். முன்பின் அறியாதவரிடம் இலவசமாகக் கொடுத்துவிடுதல் தகாது.

புதிய வீட்டிற்குச் செல்லும் முயலுடன் அது படுத்திருந்த பழைய துணியையும், தின்று பழகிய புல்லில் சில நாள்களுக்கு வேண்டியதையும் சேர்த்துக் கொடுப்பது தொண்டர்களின் வழக்கம். பழகிய மணம் அருகில் இருந்தால், முதல் இரவிலேயே அது மூலையிலிருந்து வெளியே வந்து புல்லைக் கொறிக்கத் தொடங்கும்.