ஒரு வாயிலும் பல இல்லங்களும்: தீச்சுவரில் முகவரிப் பெயர்ப்பு

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 17 ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை இன்றும் நிற்கின்றது. புத்தளக் கடனீரேரிக்குள் நுழையும் கலங்களைக் கண்காணித்தலே அது கட்டப்பட்டதன் நோக்கமாகும். இத்தகைய வாயில் ஒன்றில் இருவேறு தொழில்கள் நிகழலாம். வருவோரையும் போவோரையும் ஆராய்ந்து, தக்கோரை விடுத்து, ஏனையோரைத் தடுத்தல் ஒன்று. உள்ளே வாழும் பலர்க்கும் பொதுவான ஒரு பெயரால் வெளியுலகத்தோடு கொடுக்கல் வாங்கல் நடத்துதல் மற்றொன்று. முன்னது காவல், பின்னது பெயர் மாற்றம். இரண்டும் ஒரே வாயிலில் நிகழ்வதனால் இரண்டும் ஒன்றே என மயங்குவோர் உளர். அம்மயக்கம் இக்காலத்துக் கணினி வலையமைப்புகளிற் பெருங்கேடு விளைப்பதாதலின், அதனைத் தெளிவித்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையத்திற் பயணஞ்செய்யும் ஒவ்வொரு தரவுப் பொதியும், அஞ்சலுறை போன்று, அனுப்பியவர் முகவரியையும் பெறுபவர் முகவரியையும் தாங்கிச் செல்கின்றது. 1981 செப்டெம்பரில் வரையறுக்கப்பட்ட ஐ.பி. நான்காம் பதிப்பில் இம்முகவரி 32 பிற்றுகளால் ஆனது. எனவே 4,294,967,296 முகவரிகளே இயலும். ஆய்வுகூடங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே இணைந்திருந்த அக்காலத்தில் இத்தொகை வற்றாத ஊற்றெனத் தோன்றிற்று. பத்தாண்டு கழியுமுன்னரே அது வற்றும் என்னும் அச்சம் பிறந்தது.

இவ்விடர்க்கு ஒரு பரிகாரமாக, 1994 மே மாதத்தில் கியெல்ட் எகவாங், போல் பிரான்சிஸ் என்னும் இருவர் முகவரிப் பெயர்ப்பு முறையை விளக்கி ஓர் ஆவணம் வெளியிட்டனர். அக்காலத்திலேயே ஜோன் மேயஸ் என்பார் பிரான்ட்லி கொய்ல் என்னும் நிரலாளரைக் கொண்டு 'பிக்ஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். அலுவலகத் தொலைபேசிப் பரிமாற்றகத்தை ஒப்புநோக்கி அதற்கு அப்பெயர் இடப்பட்டது. வெளியார் அறிவது ஒரே தொலைபேசி இலக்கம்; உள்ளே அறைதோறும் தனித்தனி இலக்கங்கள். 1995 இல் சிஸ்கோ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. 1996 பெப்ரவரியில், எவரும் தம் மனைக்குள் வழங்கிக்கொள்ளத்தக்க மூன்று முகவரித் தொகுதிகள் உறுதியாக ஒதுக்கப்பட்டன: 10 எனத் தொடங்குவன 16,777,216; 172.16 முதல் 172.31 வரையுள்ளன 1,048,576, 192.168 எனத் தொடங்குவன 65,536. இவை வீட்டுக்குள் வழங்கும் செல்லப்பெயர் போல்வன. ஆயிரம் வீடுகளில் ஒரே செல்லப்பெயர் வழங்கினும் குழப்பம் இல்லை. வீதிக்கு வந்து அப்பெயரால் அழைத்தாலோ எவரும் வாரார்.

இனி, பெயர்ப்பு நிகழுமாற்றைக் காண்போம். ஒரு பாடசாலைக் கணினிக்கூடத்தில் 40 கணினிகள் உள்ளன. இணையச் சேவையாளர் அளித்ததோ 203.0.113.10 என்னும் ஒரே முகவரி எனக் கொள்வோம். (இவ்விலக்கம் எடுத்துக்காட்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சார்ந்தது.) 192.168.10.21 என்னும் கணினியிலிருந்து ஒரு மாணவி வெளியேயுள்ள சேவையகம் ஒன்றை நாடுகின்றாள். அவளது கணினி 51000 என்னும் துறை இலக்கத்திலிருந்து பொதியை அனுப்புகின்றது. அவளுக்கு அடுத்திருக்கும் மாணவனின் கணினி 192.168.10.22, அதுவும் தற்செயலாக அதே 51000 ஆம் துறையைக் கொள்கின்றது. வாயிலில் நிற்கும் தீச்சுவர் இருவர்தம் முகவரிகளையும் நீக்கி 203.0.113.10 என்பதனை எழுதுகின்றது. அத்துடன் மாணவியின் துறையை 40001 எனவும், மாணவனின் துறையை 40002 எனவும் மாற்றி, இம்மாற்றத்தைத் தன் ஏட்டிற் குறித்துக்கொள்கின்றது. விடை 40002 ஆம் துறைக்கு வருமாயின், ஏட்டைப் பார்த்து மாணவனுக்கே சேர்க்கின்றது. துறை இலக்கம் 16 பிற்றுகளால் ஆனதாதலின், ஒரே முகவரியின்கீழ்ப் பல்லாயிரம் உரையாடல்கள் ஒருங்கே நிகழ இயலும்.

ஏட்டில் இல்லாத பொதி ஒன்று புறத்திருந்து வருமாயின், அதனை எவரிடம் சேர்ப்பது எனத் தீச்சுவர் அறியாது; எனவே அது உட்புகாது ஒழிகின்றது. இதனைக் கண்டே பலர் பெயர்ப்பே காவல் என எண்ணுகின்றனர். முகவரி தெரியாமையால் விருந்தினன் திரும்பிப் போதல் வேறு. வாயிற்காவலன் தடுத்து நிறுத்துதல் வேறு.

தீச்சுவரை அமைப்போன் கைக்கொள்ள வேண்டிய முறைகளை இனி வகுத்துரைப்போம்.

முதலாவது, அகம், புறம் என இடைமுகங்களைத் தெளிவாகப் பெயரிடல் வேண்டும். அகத்துக்கெனத் தேர்ந்த முகவரித் தொகுதி, பிற்காலத்தில் இணைய நேரக்கூடிய வேறொரு பாடசாலையின் அல்லது வலயக் கல்வி அலுவலகத்தின் தொகுதியோடு முரணாதிருத்தல் நன்று. எல்லோரும் 192.168.1 என்பதனையே பற்றிக்கொள்வதால் நேரும் இடர் பெரிது.

இரண்டாவது, வெளிச்செல்லும் பொதிகளின் மூல முகவரியை மாற்றும் விதியை எழுதுதல் வேண்டும். புறமுகவரி நிலையானதாயின் அதனையே விதியிற் குறிக்கலாம். சேவையாளர் அதனை அவ்வப்போது மாற்றுவாராயின், இடைமுகம் அவ்வேளையிற் கொண்டுள்ள முகவரியைக் கொள்க என விதித்தல் வேண்டும்.

மூன்றாவது, உட்புகும் பெயர்ப்பு. பாடசாலையில் ஒரு சேவையகம் இருந்து, புறத்தார் அதனை அணுக வேண்டுமாயின், குறித்த ஒரு துறைக்கு வரும் பொதியின் சேருமிட முகவரியை மாற்றி அதனிடம் அனுப்பலாம். அச்சேவையகத்தை மாணவர் கணினிகளோடு ஒருங்கு வையாது தனியான ஓர் இடைவலயத்தில் வைத்தல் வேண்டும்.

நான்காவது, காவல் விதியைத் தனியே எழுதுதல் வேண்டும். எழுதும்போது உண்முகவரியைக் குறிப்பதா, புறமுகவரியைக் குறிப்பதா என்னும் ஐயம் எழும். லினக்ஸில் சேருமிடப் பெயர்ப்பு முன்னரும் காவல் விதி பின்னரும் நிகழ்தலின், காவல் விதியில் உண்முகவரியே வருதல் வேண்டும். சிஸ்கோவின் ஏ.எஸ்.ஏ. கருவிகளிலோ முன்னர்ப் புறமுகவரியே எழுதப்பட்டது. 2010 இல் வெளியான 8.3 ஆம் பதிப்பு முதல் உண்முகவரி எழுதும் முறை வந்தது. இவ்வேறுபாட்டை அறியாது பழைய விதிகளைப் படியெடுப்போர், திறக்க வேண்டியதை அடைத்துவிட்டு, அப்பதற்றத்தில் அனைத்தையும் திறந்துவிடுவர்.

ஐந்தாவது, விதிகளின் வரிசை. சிறப்பு விதி முன்னும் பொது விதி பின்னும் நிற்றல் வேண்டும். இரு நிலையங்களை மறைகுறியாக்கிய சுரங்க வழியால் இணைக்கும்போது, அவ்வழிச் செல்லும் பொதிகளுக்குப் பெயர்ப்பு வேண்டா என்னும் விலக்கு விதி, பொதுப் பெயர்ப்பு விதிக்கு முன்னர் வாராவிடின் இணைப்பு நிகழாது. இலக்கணத்தில் பொதுவிதியைப் புறனடை காக்கும் முறையை அறிந்த நமக்கு இஃது அயலானதன்று.

ஆறாவது, ஏட்டுக் குறிப்பின் ஆயுட்காலம். பேச்சொழிந்த தொடர்பின் குறிப்பைத் தீச்சுவர் அழித்துவிடும். 2008 இல் வகுக்கப்பட்ட பரிந்துரை, நிலைபெற்ற ரி.சி.பி. தொடர்பொன்றை 2 மணி 4 நிமிடத்திற்கு முன் அழித்தலாகாது என்கின்றது. அதனிற் குறைப்பின் நீண்ட நேரம் வாளாவிருக்கும் தொடர்புகள் காரணம் புலப்படாமலே அறும்.

இத்துணையும் செய்தபின், உள்ளிருந்து மட்டுமன்றிப் புறத்திருந்தும் சோதித்தல் இன்றியமையாதது. இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. 2021 இற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வேளையில், யான் அறிந்த பாடசாலை ஒன்றில், அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இயக்கும் நல்லெண்ணத்தோடு ஒருவர் 3389 ஆம் துறையை உலகனைத்துக்கும் திறந்துவைத்தார். எங்கள் முகவரியை யார் அறிவார் என்பது அவர் கருத்து. முகவரியை ஒருவரும் அறிய வேண்டியதில்லை. உலகின் முகவரிகள் யாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்க்கும் பொறிகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. சில நாளில் அக்கணினியின் கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுப் பணயம் கேட்கப்பட்டது. பிள்ளைகளின் ஆண்டுப் புள்ளிகளுக்குத் தாளில் எழுதிய பிரதி இருந்தமையாலன்றோ தப்பினோம்! பெயர்ப்பு அங்கே தன் கடமையைச் செவ்வனே செய்தது. காவல் விதியே எழுதப்படவில்லை.

பிறிதொரு பொறுப்பும் உண்டு. நாற்பது பிள்ளைகள் ஒரே பெயரால் உலகிற் பேசுகின்றனர். அவருள் ஒருவன் தவறு செய்யின், புறத்தார் காண்பது பாடசாலையின் முகவரியையே. பழி நாற்பதின்மேலும் விழும். சில தளங்கள் பாடசாலை முழுவதையும் விலக்கிவைத்தலும் கூடும். எந்நேரத்தில் எக்கணினி எத்துறையைக் கொண்டிருந்தது என்னும் பதிவைப் பேணாவிடின், குற்றமற்றவனைக் காக்கும் சான்று நம்மிடம் இராது. பதிவு பேணல் மாணவரை வேவு பார்த்தலன்று. நீதிக்கு வேண்டிய கருவியைக் கைவிடாதிருத்தலேயாம்.

முகவரிப் பஞ்சமோ முற்றிவிட்டது. 2011 பெப்ரவரி 3 ஆம் நாள் உலகப் பொதுக் களஞ்சியம் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இலங்கையை உள்ளடக்கிய ஆசிய பசிபிக் பதிவகமும் தன் இறுதித் தொகுதியை எட்டி, உறுப்பினர் ஒருவர்க்கு அதிலிருந்து 1,024 முகவரிகளே என வரையறுத்தது. 2019 இல் அது 512 ஆயிற்று. 2012 இற் சேவையாளர்தம் பெயர்ப்புக்கெனவே 100.64 எனத் தொடங்கும் தொகுதி ஒதுக்கப்பட்டது. ஆதலின் இன்று ஒரு பொதி இருமுறை பெயர் மாறிச் செல்லுதலும் உண்டு. அத்தகைய இணைப்பில், நம் தீச்சுவரில் உட்புகும் விதியை எத்துணைத் திருத்தமாக எழுதினும் புறத்தார் வந்தடைதல் அரிது. தவறு நம் விதியில் இல்லை என்பதனை அறிதலே அங்கு வேண்டிய அறிவு.

இதற்கு நிலையான தீர்வு, 1995 இல் முதன்முதல் வரையறுக்கப்பட்டு 2017 இல் இணைய நியமமாக உயர்ந்த ஆறாம் பதிப்பாகும். 128 பிற்று முகவரியால் ஒவ்வொரு கணினிக்கும் உலகறிந்த தனிப்பெயர் கிட்டும். அப்போது பெயர்ப்பு வேண்டாதொழியும். காவலோ என்றும் வேண்டப்படும். மறைந்திருத்தலையே காவலென நம்பியோர் அன்று வெட்டவெளியில் நிற்பர். காவல் விதியைக் காவல் விதியாகவே எழுதப் பழகியோர்க்கு இடரில்லை.

ஆகவே, உயர்தர வகுப்பில் ஐ.பி. முகவரியையும் உபவலையாக்கத்தையும் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் இவ்வேறுபாட்டையும் மாணவர் மனத்திற் பதித்தல் வேண்டும். பெயரை மாற்றுவது ஏடு; தடுப்பது மதில். ஏடு எழுதினோம் என்று மதிலைக் கட்டாது விடுதல் அறிவுடைமையன்று.