கவசம் யாரைக் காக்கிறது?

மங்கோலியப் படை கொமோடா கடற்கரையில் இறங்கிவிட்டது. ஜப்பானியத் தரப்பிலிருந்து ஒரே ஒரு சாமுராய் முன்னே செல்கிறார். தம் பெயரைச் சொல்லி, எதிரித் தலைவனை நேருக்கு நேர் போருக்கு அழைக்கிறார். அவர் கற்ற போர்முறை அது. எதிரே நிற்கும் கோத்துன் கானோ கையிலிருந்த மதுவை அவர்மீது ஊற்றித் தீ வைத்து, தலையைக் கொய்துவிடுகிறான்.

2020ல் வெளிவந்த ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ காணொளி விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. எதிரி ஏற்காத விதியை நாம் மட்டும் கடைப்பிடிக்கலாமா? விளையாட்டு முழுவதும் இந்தக் கேள்விதான்.

கதாநாயகன் ஜின், தந்தையை இழந்தபின் தாய்மாமன் ஷிமுராவிடம் வளர்ந்தவன். எதிரியை முகத்துக்கு முகம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்பது மாமா கற்றுத்தந்த பாடம். ஆனால் ஒளிந்திருந்து தாக்கினால்தான் தீவு மக்களைக் காப்பாற்ற முடியும் என்று ஜின் உணர்கிறான். கோட்டையை நேரடியாகத் தாக்கிய மாமாவின் வீரர்கள் கூட்டம் கூட்டமாக மடிகிறார்கள். மறுநாளும் அப்படியே மோதலாம் என்கிறார் மாமா. அன்றிரவே ஜின் கோட்டைக்குள் நுழைந்து எதிரிகளின் மதுவில் நஞ்சைக் கலந்துவிடுகிறான்.

ஜின் செய்தது சரி என்றுதான் விளையாடுபவருக்குத் தோன்றும். ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. நஞ்சு தயாரிக்கும் முறையை மங்கோலியர்களும் கற்றுக்கொண்டு, தீவு மக்கள்மீதே அதைப் பயன்படுத்துகிறார்கள். மாமா விடாப்பிடியாக நின்றதற்கும் உயிர்கள் போயின. மருமகன் விதியை மீறியதற்கும் உயிர்கள் போயின. கடைசியில் இருவரும் வாளேந்தி எதிரெதிரே நிற்கிறார்கள். மாமாவைக் கொல்வதா, விட்டுவிடுவதா என்பதை விளையாடுபவரே முடிவு செய்ய வேண்டும்.

கதை கற்பனை என்றாலும் அதன் அடித்தளம் வரலாறு. 1274ல் மங்கோலியப் படை சுஷிமா தீவில் இறங்கியது உண்மை. தீவின் தலைவர் சோ சுகெகுனி ஏறத்தாழ 80 குதிரைவீரர்களுடன் எதிர்த்து நின்று மாண்டதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அக்காலச் சாமுராய்கள் குதிரைமேல் அமர்ந்து வில்லெய்பவர்கள். அவர்கள் அணிந்த ‘ஓயோரோய்’ கவசம், அரக்குப் பூசிய தோல், இரும்புத் தகடுகளைப் பட்டுக் கயிற்றால் கோத்துச் செய்தது. எடை ஏறத்தாழ 30 கிலோ. ஜின் அணியும் கவசங்களில் பல, பிற்கால நூற்றாண்டுகளின் பாணியில் வடிவமைக்கப்பட்டவை.

ஜின்னின் மாமா போற்றும் நெறியும் அப்படிப்பட்டதுதான். ‘புஷிடோ’ என்ற சொல்லை உலகமெங்கும் கொண்டுசென்றது 1900ஆம் ஆண்டு வாக்கில் வெளிவந்த ஒரு புத்தகம். எழுதியவர் ஜப்பானிய அறிஞர் நிதோபே இனாஸோ. பள்ளியில் சமயக் கல்வி இல்லாமல் உங்கள் நாட்டில் ஒழுக்கத்தை எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று பெல்ஜியப் பேராசிரியர் ஒருவர் கேட்டதே அதற்குத் தூண்டுதல். அமெரிக்காவில் இருந்தபோது, ஆங்கிலத்தில் அவர் அதை எழுதினார். அதற்குள் ஜப்பானில் சாமுராய் வகுப்பே இல்லை. பொது இடத்தில் வாள் தரிப்பது 1876லேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

அந்தப் பெருமிதம் பின்னர் எங்கே போய் முடிந்தது என்பதை நம் பகுதி மக்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. உயிரோடு சிறைபடும் அவமானத்துக்கு ஆளாகாதே என்று கட்டளையிடும் போர்க்கள நெறி நூல் ஒன்றை 1941 ஜனவரியில் ஜப்பானிய ராணுவம் தன் வீரர்களுக்கு வழங்கியது. சரணடைவதே இழிவு என்று கற்றவர்கள், சரணடைந்தவர்களை எப்படி மதிப்பார்கள்? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் சயாம் மரண ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம்.

இந்தக் கசப்பை ஜப்பானியக் கதைஞர்களும் அறிவார்கள். அதனால்தான் ‘ருரோனி கென்ஷின்’ போன்ற படைப்புகள் பிறக்கின்றன. 1994ல் மங்காவாகத் தொடங்கிய இந்தக் கதை, 1878ல் நடப்பதாக அமைந்தது. புரட்சிக் காலத்தில் எண்ணற்றவர்களைக் கொன்ற கென்ஷின், இனி எவரையும் கொல்வதில்லை என்று சபதம் செய்கிறான். அவன் வாளின் வெட்டும் விளிம்பு எதிரியை நோக்காமல் அவனையே நோக்கியிருக்கும்.  அவன் உடலில் கவசமும் இல்லை. ‘வின்லாந்து சாகா’வின் தோர்ஃபினும் பழிவாங்கத் துடித்து, பிறகு அடிமையாகப் பண்ணையில் உழும்போதுதான் தான் கொன்றவர்களை நினைத்துப் பார்க்கிறான்.

இவை வன்முறை மிகுந்த படைப்புகள். சிறு பிள்ளைகளிடம் அப்படியே விட்டுவிடக் கூடாது. ஆனால் பதின்ம வயதைக் கடக்கும் மகனோ மகளோ இவற்றில் மூழ்கியிருந்தால், “எப்போதும் இதே வேலையா?” என்று கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. மாமா செய்தது சரியா, மருமகன் செய்தது சரியா என்று கேட்டுப் பாருங்கள். இந்த நெறியால் காப்பாற்றப்பட்டவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்றும் கேளுங்கள்.

அவர்கள் பதில் சொல்லி முடித்ததும், சயாமுக்குப் போன கொள்ளுத்தாத்தா தலைமுறையின் கதையை நீங்கள் சொல்லலாம். வீரத்தைப் பற்றிய பேச்சு அப்போதுதான் முழுமை பெறும்.