டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ்

டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்பது டி.என்.ஏ.வின் கூறான தைமிடிலேட் தொடர்ந்து உருவாவதற்கு இன்றியமையாத நொதியாகும். இது டைஹைட்ரோஃபோலேட்டை டெட்ராஹைட்ரோஃபோலேட்டாக மாற்றுகிறது. இதற்கு வேண்டிய ஹைட்ரஜனை என்.ஏ.டி.பி.எச். வழங்குகிறது. பியூரின் நியூக்ளியோடைடுகள் உருவாகவும் டெட்ராஹைட்ரோஃபோலேட் தேவை. எனவே இந்நொதி தடைபட்டால், விரைந்து பெருகும் உயிரணுக்கள் டி.என்.ஏ. உருவாக்க இயலாமல் இறக்கின்றன.

மருத்துவம்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகதா சுப்பாராவ் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் உருவான அமினோப்டெரின் இந்நொதியைத் தடுக்கும் மருந்தாகும். இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இதனால் தற்காலிக நோய்த்தணிவு கிட்டியதை 1948இல் சிட்னி ஃபார்பர் அறிவித்தார். பின்னர் மெத்தோட்ரெக்சேட் அதன் இடத்தைப் பெற்றது.

ஆய்வகப் பயன்பாடு

மனித மரபணுவை எஸ்செரிச்சியா கோலி பாக்டீரியாவில் செலுத்தி, மறுசேர்க்கை முறையில் இந்நொதி தயாரிக்கப்படுகிறது. வினையின்போது என்.ஏ.டி.பி.எச். செலவாவதால் 340 நானோமீட்டர் ஒளியின் உறிஞ்சல் குறையும். அக்குறைவின் வேகத்தைக் கொண்டு புதிய மருந்துகளின் தடுப்பாற்றல் அளக்கப்படுகிறது.